கைப்பிடி இல்லாத சுமை

மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால், படுத்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்பக்கம் சறுக்கிவிடுவார். மூச்சுத் திணறல் உள்ளவருக்கும், மூக்கு வழியாகக் குழாயில் உணவு ஏறுபவருக்கும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும் என்பதால் இந்தச் சறுக்கலைத் தவிர்க்க வழியில்லை. அவரை மறுபடி மேலே ஏற்றிவிட இரண்டு பேர் கட்டிலின் இருபுறமும் வந்து நிற்பார்கள். அவருக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணி ஒரே இழுப்பில் இழுப்பார்கள். வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். கேஸ் ஷீட்டில் ஏறாத, யாரும் கணக்கில் எடுக்காத வேலை இது. பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்குவது, புரட்டிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேசைக்குத் தள்ளுவது என்று இதன் உறவுக்காரர்கள் பலர். செவிலியர், வார்டு உதவியாளர், பிசியோதெரபிஸ்ட், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரின் முதுகையும் தோளையும் கெடுப்பதில் இந்த வேலைகளுக்கே முதலிடம். அப்படிக் கெட்டுப்போகும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம், அவர்கள் சரியாகத் தூக்கவில்லை என்பது. அந்த விளக்கம் தவறு என்பதே என் வாதம். படுத்த படுக்கையான ஒரு பெரியவரைக் கையால் தூக்குவதற்குச் சரியான முறை என்று ஒன்று கிடையாது. தூக்கக் கற்றுக்கொடுப்பதை விட, தூக்கும் தேவையை இல்லாமல் ஆக்குவதில்தான் நம் முயற்சி செல்ல வேண்டும்.

முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, சுமையை உடலோடு அணைத்துப் பிடி என்பது செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பாடம். தரையில் கிடக்கும் பெட்டியைத் தூக்க இது பொருந்தும். பெட்டிக்கு விளிம்பு இருக்கிறது, எடை ஒரே இடத்தில் நிற்கிறது, இரண்டு பாதங்களுக்கும் நடுவே அதை இழுத்துக்கொள்ளலாம். கட்டிலில் கிடப்பவரோ கட்டிலின் நடுவில் இருக்கிறார். செவிலியின் தொடை கட்டில் சட்டத்தில் முட்டி நின்றுவிடும். முழங்காலை மடக்க இடமில்லை. மடக்கினால் கைகள் நோயாளிக்கு எட்டாது. எட்ட வேண்டுமானால் இடுப்பிலிருந்து முன்னால் வளைந்தே ஆக வேண்டும். போதாததற்கு, அந்தச் சுமைக்கு உயிர் இருக்கிறது. அது பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும், பாதியில் கால் மடங்கி உட்காரும், வலியில் திமிறும். ஒரு கையில் ஊசி மருந்துக் குழாய் தொங்கும், மறுபக்கம் சிறுநீர்ப் பை தொங்கும். மனித உடல் தூக்குவதற்குக் கோணலான சுமை, அதற்குக் கைப்பிடி இல்லை, விறைப்பும் இல்லை, தவறவிட்டால் சேதமாகிவிடும் என்ற பொருளில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1965இலேயே எழுதியது. அறுபது ஆண்டுகள் கழித்தும் நாம் பெட்டிப் பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் எங்கே சிக்குகிறது என்று தெரியும். குனிந்த உடலை விழாமல் பிடித்திருப்பவை முதுகெலும்பின் பின்னால் ஓடும் தசைகள். கீழ்முதுகில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டின் மையத்திலிருந்து அந்தத் தசைகள் சுமார் 5 செ.மீ. பின்னால் இருக்கின்றன. கட்டிலுக்கு மேல் கையை நீட்டிப் பிடிக்கும் சுமையோ அதே மையத்திலிருந்து சுமார் 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, முன்னால் உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் தசை பத்து கிலோ அளவுக்கு இழுத்தால்தான் சமநிலை. கையில் 16 கிலோ என்றால் தசையில் 160 கிலோ. இத்துடன் செவிலியின் சொந்த மேலுடலும் ஒரு சுமையே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலே தலை, மார்பு, கைகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். குனியும்போது அதன் எடைமையம் 20 செ.மீ. முன்னால் போனால், தசை இன்னும் 140 கிலோ இழுக்க வேண்டும். ஆக, 300 கிலோ. இந்த இழுவிசை முழுவதும் வட்டின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. மேலுடலும் சுமையும் நேராக அழுத்துவதில் ஒரு பகுதியையும் சேர்த்தால் 350 கிலோவை நெருங்குகிறோம். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், கீழ்முதுகு வட்டின் மேல் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று வகுத்திருக்கிறது. அது சுமார் 350 கிலோதான். அசையாமல் குனிந்து நிற்கும் நிலைக்கே இந்தக் கணக்கு. வெடுக்கென்று இழுத்தாலோ உடலைத் திருப்பிக்கொண்டு தூக்கினாலோ அழுத்தம் இதையும் தாண்டும்.

வேறு வழியில் கணக்கிட்ட நியோஷ் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸும் இதே 16 கிலோவுக்கு அருகில்தான் வந்து நின்றார். பெட்டி, மூட்டை தூக்குவோருக்காக அந்நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் திருத்தி வெளியிட்ட சமன்பாடு, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்கிறது. கடையில் விற்கும் ஒரு சிப்பம் அரிசியை விடக் கொஞ்சம் குறைவு. நோயாளிகளைத் தூக்குவதற்கு அந்தச் சமன்பாடு பொருந்தாது என்று முதலில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வாட்டர்ஸ் 2007இல் அதை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்து, 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ என்ற வரம்பைச் சொன்னார். அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திடீரென்று அசையாமல், உடலுக்கு அருகில் இருக்கும்போதுதான். குனிந்தோ, எட்டியோ, குறுகலான இடத்தில் நின்றோ தூக்கினால் வரம்பு இன்னும் இறங்கும். இந்த எண்ணின் தீவிரம் எனக்கு உறைத்தது ஒரு காலின் எடையைக் கணக்கிட்டபோதுதான். மனிதனின் ஒரு முழுக் கால், தொடையிலிருந்து பாதம் வரை, உடல் எடையில் சுமார் 16 விழுக்காடு. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் 11 கிலோ, இரண்டு கால்களும் 22 கிலோ. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இரண்டு கால்களையும் சேர்த்தெடுத்து மெத்தைமேல் வைப்பது, நாள்தோறும் யோசிக்காமல் செய்யும் அந்தச் சின்ன உதவி, பாதுகாப்பு வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டது. முழு ஆளைத் தூக்குவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் சுமை பாதியாகிவிடாதா என்று கேட்கலாம். 1999இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் குழு இதைத்தான் அளந்து பார்த்தது. தூக்குபவர்களின் உடலில் அசைவுமானிகளையும் தசை மின்னோட்ட உணரிகளையும் பொருத்தி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, கட்டிலில் மேலே ஏற்றுவது என்று நடைமுறையில் உள்ள முறைகள் ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு தாங்கும் விசையைக் கணக்கிட்டார்கள். நோயாளியாக இருந்தவர் 50 கிலோ எடையுள்ள, நன்றாக ஒத்துழைத்த ஒரு பெண். வார்டில் அப்படி ஒரு நோயாளி கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நிலையிலும் ஒருவர் மட்டும் தூக்கிய எந்த முறையும் பாதுகாப்பானதாக இல்லை. இருவர் தூக்கும்போது அழுத்தம் குறைந்தது, ஆனால் ஆபத்து நீங்கவில்லை. அனுபவசாலிகளும் புதியவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தச் சேதம் ஏன் நெடுநாள் மறைந்தே இருக்கிறது என்பதும் புரிந்துகொள்ள வேண்டியது. முதுகெலும்பு வட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளிலிருந்து மெல்லிய தகடு போன்ற ஒரு பரப்பின் வழியாகக் கசிந்து வரும் சத்துதான் அதற்கு உணவு. மிகையான அழுத்தம் முதலில் விரிசல் விடுவது அந்தத் தகட்டில். விரிசல் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு தடித்தால் சத்து கசிவது குறைகிறது. வட்டு உள்ளிருந்து நலியத் தொடங்குகிறது. வட்டின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகளும் இல்லாததால் இவ்வளவு நடந்தும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் தலையணையை எடுக்கக் குனியும்போது பிடித்துக்கொள்ளும். அன்று அவர் தூக்கியது தலையணையாக இருப்பதால், வேலைக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட முடிகிறது. இத்தனை ஆண்டுகளாகத் தூக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மூத்த செவிலியர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அது சான்று ஆகாது. முதுகு போனவர்கள் வார்டை விட்டு, வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். இருந்து பேசுபவர்கள் தப்பியவர்கள்.

பயிற்சியை இன்னும் நன்றாகக் கொடுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கான பயிற்சி முதுகுவலியைத் தடுக்கிறதா என்று வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டி அலசிய கட்டுரை 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பின்னர் 2011இல் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வும் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே முதுகுவலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே இரண்டின் முடிவு. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். அமெரிக்கச் சில்லறை விற்பனைக் கடைகளில் சரக்கு தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான நியோஷ் ஆய்வில், பெல்ட் கட்டியவர்கள் கட்டாதவர்களை விடக் குறைவாகக் காயப்படவில்லை. பாடம் கற்பவரிடம் குறை இருந்தால் பாடத்தால் திருத்தலாம். எடையும் தொலைவும் சேர்ந்து உண்டாக்கும் விசையைப் பாடத்தால் குறைக்க முடியாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கட்டிலில் மேலே ஏற்றவும் புரட்டவும் ஸ்லைடு ஷீட் இருக்கிறது. வழவழப்பான நைலான் துணியை இரண்டு மடிப்பாக நோயாளியின் அடியில் செருகினால் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். உராய்வு வெகுவாகக் குறைந்து, தூக்க வேண்டியிருந்த ஆளை நகர்த்தினாலே போதும் என்றாகிறது. ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற, இரண்டு படுக்கைகளுக்கும் பாலமாக வைக்கும் வழுக்குப் பலகை. காலில் ஓரளவு பலம் உள்ளவருக்கு எழுந்து நிற்க உதவும் கருவி. அறவே பலமில்லாதவருக்கு, அகலமான துணி ஸ்லிங்கை அடியில் செருகிக் கொக்கியில் மாட்டித் தூக்கும் ஹாய்ஸ்ட். அது சக்கரம் வைத்ததாக இருக்கலாம், கூரையில் தண்டவாளம் போட்டு ஓடுவதாகவும் இருக்கலாம். இவற்றின் பலனை அளந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஜேம்ஸ் காலின்ஸ் குழு 2004இல் வெளியிட்டது. ஆறு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 1,728 ஊழியர்களை ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். ஹாய்ஸ்டுகள், கையால் தூக்கக் கூடாது என்ற விதி, கருவிப் பயிற்சி மூன்றும் ஒன்றாக வந்தபின் இழப்பீடு கோரும் அளவுக்கான காயங்கள் 61 விழுக்காடு குறைந்தன. போட்ட முதலீடு, இழப்பீட்டுச் செலவு குறைந்ததால் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தது. தூக்கும்போது முதியவர்கள் மிரண்டு ஊழியர்களை அடிப்பதும் குறைந்தது. 2006இல் ஆட்ரி நெல்சன் குழு அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் 23 பிரிவுகளில் செய்த ஆய்விலும் காயங்கள் கணிசமாகக் குறைந்தன.

இவை முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வுகள், சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தவை அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படிப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு கனடாவின் வின்னிப்பெக் நகரில் நடந்து 2001இல் வெளிவந்தது. கருவிகளும் பயிற்சியும் கிடைத்த வார்டுகளில் கையால் தூக்குவது குறைந்தது, ஊழியர்களின் களைப்பும் குறைந்தது. காயங்களின் எண்ணிக்கை மட்டும் புள்ளியியல் நோக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது. பல ஆண்டுகளாகச் சேரும் சேதத்தை ஓராண்டுக் கவனிப்பில் எடைபோடுவது கடினம் என்பது என் கருத்து. முதுகின் மேல் விழும் விசை குறைகிறது என்பதை ஆய்வகம் காட்டுகிறது. களைப்பு குறைகிறது என்பதைச் சீட்டுக் குலுக்கிய ஆய்வு காட்டுகிறது. காயம் குறைகிறது என்பதை நீண்ட காலக் கவனிப்பு காட்டுகிறது. மூன்றும் ஒரே திசையில்தான் கை நீட்டுகின்றன.

கருவி வாங்கி வைத்தும் அது மூலையில் தூசி படிந்து கிடக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஏன் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகியிருக்காது. இருந்த ஒரே ஸ்லிங் சலவைக்குப் போயிருக்கும். கழிவறை வாசல் குறுகலாக இருக்கும், கட்டிலுக்கு அடியில் ஹாய்ஸ்டின் கால் நுழையாது. நாற்பது நோயாளிக்கு ஒரு கருவி இருந்தால், அதைத் தேடிப் போகும் நேரத்தில் இரண்டு பேர் தூக்கியே முடித்துவிடுவார்கள். நேரம் இல்லை என்ற புகாரும் இதிலிருந்துதான் பிறக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருந்தால் ஸ்லைடு ஷீட் விரிக்க அதிக நேரம் பிடிக்காது. தூக்குவதற்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காத்திருப்பதும் நேரம்தானே. இதனால்தான் வெற்றி கண்ட திட்டங்கள் எல்லாம் கருவியோடு விதியையும், விதியோடு பொறுப்பாளரையும் சேர்த்தே கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் செவிலியர் சங்கம் 1998இல் கையால் தூக்குவதில்லை என்ற கொள்கையை முன்வைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2005இல் மருத்துவமனைகளுக்கு இதற்கான சட்டத்தை முதலில் இயற்றியது; கலிஃபோர்னியா 2011இல் இயற்றியது. நாடு முழுவதற்குமான தொழிலிட விதி 2000இன் இறுதியில் வந்தபோது, சில மாதங்களிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

எல்லா எதிர்ப்புகளிலும் கனமானது மனிதத்தன்மை பற்றியது. நோயாளியைப் பொருள்போலக் கொக்கியில் மாட்டித் தூக்குவதா? அன்போடு தொட்டுத் தூக்குவதுதானே பணிவிடை? 2003இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. கடுமையான ஊனமுற்ற இரண்டு சகோதரிகளைக் கையால் தூக்கவே கூடாது என்ற ஈஸ்ட் சசெக்ஸ் கவுண்டி மன்றத்தின் நிலைப்பாட்டை எதிர்த்து அவர்கள் தரப்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எந்தச் சூழலிலும் கையால் தூக்காதே என்ற முழுத் தடை சட்டப்படி செல்லாது, ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று நீதிபதி மன்பி தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், ஹாய்ஸ்டில் தூக்குவது தன்னளவில் இழிவானது அல்ல என்றும், பராமரிப்பவருக்கும் கண்ணியம் உண்டு என்றும் சொன்னார். எனக்கு இது சரியாகப் படுகிறது. தீப்பற்றிய அறையிலிருந்து இழுத்து வருபவரிடம் 16 கிலோ வரம்பைப் பேச முடியாது. சில கிலோ எடையுள்ள குழந்தையை ஹாய்ஸ்டில் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்குளில் கை கொடுத்து வெடுக்கென்று தூக்குவதில் என்ன கண்ணியம் இருக்கிறது? பக்கவாதத்தில் தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுப்பில் நழுவும். முரட்டு விரிப்பின்மேல் இழுபடும் முதுகுத்தோல் உரசி, அடிச்சதையோடு இழுபட்டுப் படுக்கைப் புண்ணுக்கு வழி திறக்கும். எழுந்து நடக்கப் பழக வேண்டியவர் கருவியால் சோம்பேறி ஆகிவிடுவார் என்ற அச்சமும் தலைகீழானது. பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கருவி இருந்தால், விழுந்துவிடுவாரோ என்ற பயமின்றி முன்கூட்டியே அவரை எழுப்பி நிறுத்த முடியும்.

நம் ஊருக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு, கூரைத் தண்டவாளத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பதே என் பதில். ஸ்லைடு ஷீட்டும் வழுக்குப் பலகையும் பெரிய விலை இல்லாதவை, துவைத்துத் துடைத்துப் பலமுறை பயன்படுபவை. அதைவிட முக்கியம் கட்டில். நம் வார்டுகளில் பரவலாக இருக்கும் ஃபவுலர் கட்டிலில் தலைப்பக்கமும் முழங்கால் பக்கமும் உயரும், மொத்த உயரம் மாறாது. ஐந்தடிச் செவிலிக்கும் ஆறடி உதவியாளருக்கும் அதே உயரம்தான். அடுத்த முறை டெண்டர் விடும்போது உயரம் மாற்றும் வசதியை நிபந்தனையாகச் சேர்த்தால், குனியும் கோணமே மாறிவிடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காயம் உண்டாக்கும் அளவு கனமான எதையும் தூக்க யாரையும் அமர்த்தக் கூடாது என்று 34ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் மருத்துவமனை வார்டு தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வரவில்லை. இயந்திரத்துக்கு முன் நிற்பவருக்குக் கிடைத்த காப்பு நோயாளிக்கு முன் நிற்பவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு கூட்டம் எந்தச் சட்டத்திலும் இல்லாதது. அரசு மருத்துவமனையில் உடன் தங்கியிருக்கும் மனைவி, வீட்டில் பக்கவாத மாமனாரைக் கழிவறைக்கு அழைத்துப் போகும் மருமகள், ஏஜென்சி மூலம் வந்து பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் பெண். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்புச் செவிலியும் இந்த வீடுகளுக்குள் ஏற்கெனவே போகிறார்கள். அவர்களின் பையில் ஒரு ஸ்லைடு ஷீட் இருந்து, அதை விரிக்கும் விதத்தை அந்த மருமகளுக்குக் காட்டிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்கினால், புதிதாக ஒரு திட்டமே தேவையில்லை. மருத்துவமனைகளில் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊசி குத்திய காயத்தைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் நம் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. யாரைத் தூக்கும்போது, எந்தக் கட்டிலில், எத்தனை பேர் நின்று தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்பதையும் அதே பதிவேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கலாம். எந்த வார்டுக்கு முதலில் கருவி வாங்க வேண்டும் என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.